அறுவையா, கண்காணிப்பா, மருந்தா? செரிமான மண்டல நியூரோஎண்டோகிரைன் கட்டிகளில் நீண்ட ஆயுளைத் தீர்மானிப்பவை

கல்லீரலில் கட்டிகள் தெரிவதாக ஸ்கேன் அறிக்கை வந்த மறுநாளே, எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட முடியுமா என்று மருத்துவமனை மருத்துவமனையாக அலையும் குடும்பங்கள் உண்டு. ‘இது மெதுவாக வளர்கிற வகைதான்’ என்று யாரோ சொன்னதை நம்பி, ஓராண்டுக்கும் மேலாக ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல் இருந்துவிடும் குடும்பங்களும் உண்டு. இரைப்பை, கணையம், குடல் ஆகியவற்றில் ஹார்மோன் சுரக்கும் தன்மையுள்ள செல்களிலிருந்து தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டிகளைப் பொறுத்தவரை இந்த இரண்டு வழிகளுமே ஆயுளைக் குறைக்கக்கூடியவை. அறுவை, கண்காணிப்பு, ஊசி மருந்து, கதிரியக்க மருந்து, மாத்திரை, கீமோதெரபி என்று இந்நோய்க்கு இன்று கிடைக்கும் தெரிவுகள் பல. அவற்றுள் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. எந்த உறுப்பில் தோன்றிய கட்டி, எவ்வளவு வேகத்தில் வளர்கிறது, எதுவரை பரவியிருக்கிறது என்ற மூன்றையும் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகே தெரிவுகளை ஒப்பிடுவதற்கு அர்த்தம் உண்டு என்பதே இக்கட்டுரையில் நான் வலியுறுத்த விரும்புவது.

இந்தியாவில் பலர் இந்நோயின் பெயரை முதன்முதலாகக் கேட்டது 2018 மார்ச்சில், நடிகர் இர்ஃபான் கான் தமக்கு நியூரோஎண்டோகிரைன் கட்டி இருப்பதாக அறிவித்தபோதுதான். அவர் 2020 ஏப்ரல் 29 அன்று மறைந்தார். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்குக் கணையத்தில் இவ்வகைக் கட்டி 2003இல் கண்டறியப்பட்டது. 2004இல் அறுவையும் 2009இல் கல்லீரல் மாற்று அறுவையும் செய்துகொண்ட அவர் 2011 அக்டோபர் 5 அன்று காலமானார். இந்த இரு வாழ்க்கைகளிலிருந்தும் தம் குடும்பத்து நோயாளியின் எதிர்காலத்தைக் கணிக்க முயல்பவர்கள் ஏராளம். அது தேவையற்ற அச்சத்தையோ தவறான நம்பிக்கையையோதான் தரும். ஏனெனில் இந்த ஒரே பெயருக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாததுபோல் நடந்துகொள்ளும் பல நோய்கள் அடங்கியிருக்கின்றன.

அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவேட்டிலிருந்து 1973 முதல் 2012 வரையிலான 64,971 நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. நுரையீரல் உட்பட எல்லா உறுப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் இடைநிலை ஆயுள், அதாவது நோயாளிகளில் பாதிப்பேர் கடந்துவிடும் காலம், 9.3 ஆண்டுகள். தோன்றிய இடத்தை விட்டு நகராத கட்டி உள்ளவர்களுக்கு அது 30 ஆண்டுகளுக்கும் மேல். அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகள் வரை பரவியிருந்தால் 10.2 ஆண்டுகள். தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவியிருந்தால் 12 மாதங்கள். இந்தக் கடைசி எண்ணைப் படித்துவிட்டு மனம் தளர்ந்துபோனவர்கள் அதே ஆய்வின் இன்னொரு பிரிவையும் படிக்க வேண்டும். மிக மெதுவாக வளரும் முதல் தரக் கட்டிகளுக்கு இடைநிலை ஆயுள் 16.2 ஆண்டுகள், இரண்டாம் தரத்துக்கு 8.3 ஆண்டுகள், அதற்கு மேற்பட்ட தரங்களுக்கு வெறும் 10 மாதங்கள். தொலைதூரப் பரவலின் 12 மாதக் கணக்கைக் கீழே இழுப்பதில் மிகத் தீவிரமான இந்தக் கடைசி வகைக்குப் பெரும் பங்கு உண்டு. கல்லீரலுக்குப் பரவிய பின்னும் முதல் தரச் சிறுகுடல் கட்டியோடு பல ஆண்டுகள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

முதலில் தெரிய வேண்டியது தரம்

நிலையும் தரமும் ஒன்றல்ல. நிலை என்பது நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதைச் சொல்வது. தரம் என்பது அதன் செல்கள் எவ்வளவு வேகமாகப் பிரிகின்றன என்பதைச் சொல்வது. மற்ற பல புற்றுநோய்களில் ‘நான்காம் நிலை’ என்ற சொல்லே முடிவைச் சொல்லிவிடுவதுபோல் ஒலிக்கும். இங்கே தரம் தெரியாமல் நிலையை மட்டும் சொல்வது பாதிச் செய்திதான்.

தரத்தைக் கணக்கிடப் பயன்படுவது கேஐ-67 என்ற புரதம். பிரிந்துகொண்டிருக்கும் செல்களில் மட்டும் இது காணப்படும் என்பதால், பயாப்சித் துண்டில் நூற்றில் எத்தனை செல்களில் இது தென்படுகிறது என்று நோய்க்குறியியல் வல்லுநர் எண்ணுகிறார். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் செரிமான மண்டலம் முழுமைக்கும் வகுத்த முறைப்படி, 3 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் முதல் தரம், 3 முதல் 20 வரை இரண்டாம் தரம், 20க்கு மேல் மூன்றாம் தரம். ஆனால் 20க்கு மேல் போனவுடன் இன்னொரு கேள்வி எழுகிறது. செல்கள் தம் இயல்பான அமைப்பை இன்னும் தக்கவைத்திருக்கின்றனவா, அல்லது உருவம் சிதைந்த சிறு செல், பெரு செல் வடிவங்களாக மாறிவிட்டனவா? முன்னது மூன்றாம் தர நியூரோஎண்டோகிரைன் கட்டி. பின்னது நியூரோஎண்டோகிரைன் கார்சினோமா. கேஐ-67 எண் ஒன்றாகவே இருந்தாலும் இவை இரண்டும் வேறு நோய்கள். கார்சினோமாவில் டிபி53, ஆர்பி1 மரபணுக்களின் சிதைவு அடிக்கடி காணப்படுகிறது; நல்ல அமைப்புள்ள கணையக் கட்டிகளில் எம்இஎன்1, டிஏஎக்ஸ்எக்ஸ், ஏடிஆர்எக்ஸ் போன்ற வேறு மரபணுக்கள் பழுதடைந்திருக்கின்றன.

சிகிச்சை முழுவதும் இந்தப் பிரிவிலிருந்துதான் கிளைக்கிறது. கார்சினோமா என்றால் தாமதத்துக்கு இடமில்லை. பிளாட்டினம் சார்ந்த கீமோதெரபியை உடனே தொடங்க வேண்டும். நார்டிக் நாடுகளில் 305 நோயாளிகளை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வில், பரவிய நிலையில் கீமோதெரபி பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 11 மாதங்கள்; ஆதரவுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு ஒரு மாதம். அதே ஆய்வு எதிர்பாராத ஒன்றையும் காட்டியது. கேஐ-67 அளவு 55 சதவீதத்துக்குக் கீழே இருந்தவர்களில் பிளாட்டினம் மருந்துக்குக் கட்டி சுருங்கியவர்கள் 15 சதவீதம்தான். 55க்கு மேலே இருந்தவர்களில் 42 சதவீதம். ஆனாலும் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் முதல் பிரிவினரே: 14 மாதங்களுக்கு எதிராக 10 மாதங்கள். அதாவது 20க்கு மேற்பட்ட எல்லாவற்றையும் ஒரே மருந்தால் தாக்குவது சரியல்ல என்பது அன்றே புலப்பட்டது.

ஆகவே எந்தச் சிகிச்சையையும் ஒப்பிடத் தொடங்கும் முன், பயாப்சித் துண்டை இக்கட்டிகளில் பழக்கமுள்ள ஒரு நோய்க்குறியியல் வல்லுநரிடம் மறுபடியும் காட்டுவதே நோயாளி செய்யக்கூடிய மிகப் பயனுள்ள செயல் என்று நான் கருதுகிறேன். மெல்லிய ஊசியால் எடுத்த சிறு துண்டில் குறைந்தது 500 செல்களாவது எண்ணக் கிடைத்தனவா என்பதும் கேட்கப்பட வேண்டியதே. ஒரே நோயாளியின் ஒரு கட்டியில் 2 சதவீதமும் இன்னொன்றில் 15 சதவீதமும் இருப்பது நடக்கக்கூடியதுதான்.

இந்த வேறுபாட்டை உடல் முழுவதும் காட்டித் தருபவை இரண்டு பெட் ஸ்கேன்கள். காலியம்-68 டோட்டாடேட் ஸ்கேன், கட்டியின் மேற்பரப்பில் சோமடோஸ்டாடின் என்ற ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ள இடங்களை ஒளிரச் செய்கிறது. அவை மிகுதியாக இருப்பது நல்ல அடையாளம் என்பதோடு, அந்த ஏற்பிகளைக் குறிவைக்கும் மருந்துகள் பலிக்கும் என்பதற்கான அறிகுறியும் ஆகும். குளுக்கோஸை உறிஞ்சும் இடங்களைக் காட்டும் எஃப்டிஜி ஸ்கேனில் பளிச்சென்று தெரியும் கட்டி, பயாப்சி என்ன சொல்லியிருந்தாலும், வேகமாக வளரும் தன்மையுடையது என்று ஐயுற வேண்டும். எஃப்டிஜியில் மட்டும் ஒளிரும் ஓரிடம் கல்லீரலில் இருந்தால் அந்த இடத்திலிருந்தே இன்னொரு பயாப்சி எடுப்பது பொருத்தமானது.

இக்கட்டிகளைக் கவனிக்க எடுக்கப்படும் குரோமோகிரானின்-ஏ என்ற இரத்தப் பரிசோதனையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். வயிற்று எரிச்சலுக்காக நம் வீடுகளில் சர்வ சாதாரணமாக விழுங்கப்படும் பான்டோபிரசோல், ஒமெபிரசோல் மாத்திரைகள் அந்த அளவைப் பல மடங்கு உயர்த்திக் காட்டக்கூடியவை. அந்த மாத்திரையைக் கணக்கில் கொள்ளாமல், எண் கூடிவிட்டது என்பதற்காக மட்டும் சிகிச்சையை மாற்றுவது பிழை.

சிறியவை, அதிகம் அஞ்ச வேண்டாதவை

குடல்வாலில் தற்செயலாகக் கண்டறியப்படும் கட்டி 1 செ.மீ.க்கும் குறைவாக இருந்து முழுமையாக நீக்கப்பட்டிருந்தால் குடல்வாலை அகற்றியதே போதும். 1 முதல் 2 செ.மீ. வரையிலானவற்றுக்கு வலப்பக்கப் பெருங்குடலையும் சேர்த்து அகற்ற வேண்டுமா என்பது நெடுநாள் விவாதமாக இருந்தது. ஐரோப்பாவின் 15 நாடுகளைச் சேர்ந்த 40 மருத்துவமனைகளில் 278 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2023இல் வெளியான ஆய்வில், குடல்வாலை மட்டும் இழந்த 163 பேருக்கும் பெருங்குடலின் ஒரு பகுதியையும் இழந்த 115 பேருக்கும் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. பெரும்பாலும் இளவயதினருக்கு வரும் இந்நோயில் தேவையற்ற ஒரு பெரிய அறுவையைத் தவிர்க்க முடிந்தது உண்மையிலேயே மகிழ்ச்சிக்குரியது. மலக்குடலில் 1 செ.மீ.க்குக் குறைந்தவற்றை எண்டோஸ்கோப்பி வழியாகவே முழுமையாக எடுத்துவிடலாம். இரைப்பையில், சுவர் நலிந்து காஸ்ட்ரின் ஹார்மோன் மிகுவதால் பலவாகத் தோன்றும் முதல் வகைக் கட்டிகளுக்கும் எண்டோஸ்கோப்பியே போதுமானது. ஆனால் காஸ்ட்ரின் அளவு இயல்பாக இருக்கும்போது தனியாகத் தோன்றும் மூன்றாம் வகை அப்படிப்பட்டதல்ல, அது பரவும் தன்மையுடையது. இரைப்பைக் கட்டி என்று மட்டும் எழுதிவிட்டு வகையைக் குறிப்பிடாத அறிக்கை முழுமையற்றது.

கணையத்தில் 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டி: வெட்டுவதா, கவனித்திருப்பதா?

உண்மையான தடுமாற்றம் இங்கேதான் வருகிறது. வேறு காரணத்துக்காக எடுத்த சிடி ஸ்கேனில் கணையத்தில் 1.4 செ.மீ. அளவில் ஒரு கட்டி தென்படுகிறது. எந்தத் தொந்தரவும் இல்லை. எந்த ஹார்மோனையும் அது சுரக்கவில்லை. புற்று என்ற சொல்லைக் கேட்டபின் உடலில் அதை வைத்துக்கொண்டிருக்க மனம் ஒப்பாது என்பது இயல்பே.

ஆனால் தராசின் மறுதட்டில் இருப்பதையும் பார்க்க வேண்டும். கணையத் தலையில் உள்ள கட்டிக்கு விப்பிள் அறுவை என்றால் கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் ஒரு பகுதி, பித்தப்பை ஆகியவற்றை அகற்றி மீண்டும் இணைப்பதாகும். கணைய நீர் கசிதல், தொற்று, பிற்காலத்தில் நீரிழிவு, உணவு செரிக்க வாழ்நாள் முழுவதும் என்சைம் மாத்திரை ஆகியவை இதன் விலை. அனுபவமுள்ள மையங்களிலும் இந்த அறுவையால் சிலர் இறக்கிறார்கள். வால் பகுதியில் உள்ள கட்டிக்கு ஆபத்து சற்றுக் குறைவு. மேலோட்டமாக இருக்கும் சிறு கட்டியைத் தோண்டி எடுப்பது கணையத்தைக் காக்கும் வழி, ஆயினும் அதிலும் கசிவு உண்டு.

கண்காணிப்பின் பக்கம் உள்ள சான்று வலுப்பெற்று வருகிறது. பல நாடுகளின் மையங்கள் சேர்ந்து நடத்தும் ஆஸ்பென் என்ற ஆய்வு, 2 செ.மீ.க்கு மேற்படாத, ஹார்மோன் சுரக்காத கணையக் கட்டியுள்ள 500 பேரின் முதற்கட்ட விவரங்களை 2022இல் வெளியிட்டது. அவர்களில் 406 பேர் கண்காணிப்பையும் 94 பேர் அறுவையையும் ஏற்றிருந்தார்கள். கண்காணிப்பில் இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் சுமார் இரண்டு ஆண்டுகளில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் தெரியவில்லை. இரண்டு ஆண்டுகள் என்பது இந்நோயின் வாழ்நாளில் குறுகிய காலம் என்பதை மறுப்பதற்கில்லை. முப்பத்தைந்து வயதினர் ஒருவருக்கு அந்தச் சான்று போதுமானதல்ல, எழுபது வயதினருக்குப் போதுமானது என்பதே என் கணிப்பு.

எனவே 1 செ.மீ.க்குக் கீழ் கண்காணிப்பு, 2 செ.மீ.க்கு மேல் அறுவை என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. இடைப்பட்ட அளவில் தீர்மானிப்பவை வேறு காரணிகள்: கணைய நாளம் அடைபட்டு விரிந்திருக்கிறதா, கேஐ-67 இரண்டாம் தரத்தில் இருக்கிறதா, முந்தைய ஸ்கேனோடு ஒப்பிட வளர்ந்திருக்கிறதா, அருகில் நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறதா. இவற்றில் ஒன்று இருந்தாலும் நான் அறுவையின் பக்கமே சாய்வேன். இவை எதுவும் இல்லாதவர், ஆறு மாதத்துக்கு அல்லது ஓராண்டுக்கு ஒருமுறை தவறாமல் ஸ்கேனுக்கு வரக்கூடியவர் என்றால் காத்திருப்பது நியாயமான தெரிவு. ‘தவறாமல்’ என்பதைச் சடங்காகச் சொல்லவில்லை. வேலை, பயணத் தொலைவு, பணம் ஆகியவற்றால் தொடர்ந்து வர இயலாத ஒருவருக்குக் கண்காணிப்பு என்ற பெயரில் கிடைப்பது வெறும் கைவிடல்தான்.

இந்தக் கணக்குக்கு உட்படாத விதிவிலக்குகள் உண்டு. இரத்தச் சர்க்கரையைத் திடீர் திடீரெனத் தாழ்த்தும் இன்சுலினோமா எவ்வளவு சிறிதாக இருந்தாலும் அகற்றப்பட வேண்டியது. எம்இஎன்1 என்ற பரம்பரைக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணையத்தில் கட்டிகள் மீண்டும் மீண்டும் தோன்றும் என்பதால், ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டே போனால் கணையமே மிஞ்சாது. அவர்களிடம் பொதுவாக 2 செ.மீ. வரை பொறுத்திருப்பார்கள். இளவயதில் கட்டி, குடும்பத்தில் பாராதைராய்டு அல்லது பிட்யூட்டரி நோய் என்றால் மரபணுப் பரிசோதனையை ஒத்திப்போடக் கூடாது.

சிறுகுடல் கட்டி கல்லீரலுக்குப் பரவியிருந்தால்

சிறுகுடலின் கட்டிகள் தனி இயல்புடையவை. மூலக்கட்டி 1 செ.மீ.கூட இல்லாதபோதே குடல்தாங்கி மடிப்பின் நிணநீர் முடிச்சுகளிலும் கல்லீரலிலும் நோய் குடியேறியிருக்கும். ஒரே ஆளின் குடலில் பல இடங்களில் கட்டி இருப்பதும் சாதாரணம். அதனால் அறுவை மருத்துவர் குடல் முழுவதையும் விரலால் தடவிப் பார்க்காவிட்டால் சில விடுபட்டுப் போகும். முடிச்சுகளைச் சுற்றி உருவாகும் நார்த்திசு குடலை இழுத்து மடக்கி, இரத்த ஓட்டத்தையே நெரித்துவிடக் கூடும்.

பரவிய நோய் இருந்தும் குடலில் தொந்தரவு எதுவும் இல்லாதவருக்கு மூலக்கட்டியை முன்கூட்டியே அகற்றுவதால் ஆயுள் கூடுமா? கூடும் என்பதே பல ஆண்டுகளாக நிலவிய கருத்து. அறுவை செய்துகொண்டவர்கள் அதிக காலம் வாழ்ந்ததாகப் பழைய ஆய்வுகள் பல காட்டின. ஆனால் அறுவைக்கு அனுப்பப்பட்டவர்கள் தொடக்கத்திலேயே உடல்நலம் கூடியவர்கள், நோய்ச்சுமை குறைந்தவர்கள். நீண்ட ஆயுள் கத்தியால் வந்ததா, அந்த உடல்நலத்தால் வந்ததா என்பதை அவ்வகை ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல இயலாது. ஸ்வீடனின் உப்சாலா நகரிலிருந்து 2018இல் வெளிவந்த ஆய்வு இதைக் கவனமாக அணுகியது. பரவிய நோயுடன் வயிற்றுத் தொந்தரவு இல்லாத 363 பேரில், தொடக்கத்திலேயே அறுவை பெற்ற 161 பேரின் இடைநிலை ஆயுள் 7.9 ஆண்டுகள், தேவைப்பட்டால் மட்டும் பின்னர் அறுவை என்று விடப்பட்ட 202 பேருக்கு 7.6 ஆண்டுகள். குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. முன்கூட்டிய அறுவை பெற்றவர்களுக்குக் குடல் அடைப்புக்கான மறு அறுவைகள் அதிகமாகவே தேவைப்பட்டன.

ஆகவே வலி, அடைப்பு, இரத்தக்கசிவு, நார்த்திசுவால் இரத்த நாளம் நெரிபடுதல் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் அறுவைக்குத் தயங்க வேண்டாம். இல்லாதவருக்கு அவசரம் இல்லை. அறுவை என்று முடிவானால் இரண்டு செய்திகளை முன்கூட்டியே கேட்டுத் தெளிவது நல்லது. பின்னர் தொடங்கப்படும் சோமடோஸ்டாடின் ஊசிகள் பித்தக்கற்களை உண்டாக்கும் என்பதால் அதே வேளையில் பித்தப்பையையும் எடுப்பதா என்பது ஒன்று. மயக்க மருந்தின்போது கட்டி திடீரெனச் செரோடோனின் முதலிய ஹார்மோன்களைக் கொட்டி இரத்த அழுத்தத்தைக் குலைக்கக் கூடும் என்பதால், அதற்கான ஆக்ட்ரியோடைட் என்ற சோமடோஸ்டாடின் வகை மருந்து மயக்க மருத்துவரிடம் ஆயத்தமாக இருக்கிறதா என்பது மற்றொன்று.

கல்லீரலில் உள்ளவற்றை என்ன செய்வது? எண்ணிக்கை குறைவாகவும் ஒரு பகுதியில் மட்டும் இருப்பவையாகவும் இருந்தால் வெட்டி எடுப்பது முதல் தெரிவு. இரு பக்கமும் சிதறிக் கிடந்தால், கட்டிக்குப் போகும் தமனியை அடைக்கும் எம்போலைசேஷன் முறை குறிப்பாக வயிற்றுப்போக்கும் முகச்சிவப்பும் வாட்டுபவர்களுக்கு உதவுகிறது. கல்லீரல் மாற்று பற்றி இத்தாலியின் மிலான் குழு 2016இல் வெளியிட்ட எண்கள் வியக்கவைப்பவை: மாற்று பெற்ற 42 பேரில் பத்தாண்டுக்குப் பின் உயிருடன் இருந்தவர்கள் 89 சதவீதம், பெறாத 46 பேரில் 22 சதவீதம். ஆனால் முதல் அல்லது இரண்டாம் தரக் கட்டி, மூலக்கட்டி முன்பே அகற்றப்பட்டது, கல்லீரலில் பாதிக்கும் குறைவான பகுதியே பாதிக்கப்பட்டது, குறைந்தது ஆறு மாதம் நோய் அசையாமல் இருந்தது, கல்லீரலுக்கு வெளியே எதுவும் இல்லை என்று பலகட்டச் சல்லடையைத் தாண்டியவர்கள் அவர்கள். குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்களும் அல்லர். அந்தச் சல்லடையைத் தாண்டாத ஒருவரின் குடும்பம் இந்த 89 சதவீதத்தைக் காட்டி உறவினரிடம் கல்லீரல் தானம் கேட்பது, இரு உயிர்களை ஆபத்தில் நிறுத்துவதாகும்.

மருந்துகளுக்குள் எது முதலில்?

ஏற்பிகள் உள்ள முதல் தர, குறைந்த இரண்டாம் தரக் கட்டிகளுக்குப் பெரும்பாலும் தொடக்கம் மாதம் ஒருமுறை போடும் சோமடோஸ்டாடின் வகை ஊசிதான். ஜெர்மனியின் ப்ரோமிட் ஆய்வு 2009இல், சிறுகுடல் சார்ந்த 85 நோயாளிகளிடம் 30 மி.கி. ஆக்ட்ரியோடைட் ஊசி நோய் வளரும் வரையிலான காலத்தை 6 மாதத்திலிருந்து 14.3 மாதமாக நீட்டியதைக் காட்டியது. 2014இல் வெளியான கிளாரினெட் ஆய்வில், கேஐ-67 அளவு 10 சதவீதத்துக்குக் குறைந்த 204 பேரில், 120 மி.கி. லான்ரியோடைட் பெற்றவர்களில் 65 சதவீதத்தினர் இரண்டாண்டு முடிவில் நோய் வளராமல் இருந்தனர். போலி ஊசி பெற்றவர்களில் 33 சதவீதத்தினர். இந்த இரண்டாவது எண்ணையும் கவனிக்க வேண்டும். எந்த மருந்தும் இல்லாமலே மூன்றில் ஒருவரிடம் நோய் இரண்டாண்டு அசையவில்லை. நோய்ச்சுமை மிகக் குறைந்த சிலருக்கு ஊசியைக்கூடச் சற்றுத் தள்ளிப்போட்டுக் கவனிக்கலாம் என்ற கருத்து இதிலிருந்துதான் வருகிறது.

ஊசியையும் மீறி நோய் வளர்ந்தால் அடுத்த தெரிவுகள் விரிகின்றன. ஏற்பிகளைப் பற்றிக்கொண்டு கட்டிக்குள் கதிர்வீச்சைக் கொண்டுசேர்க்கும் லுட்டீசியம்-177 டோட்டாடேட் சிகிச்சை, எட்டு வாரத்துக்கு ஒன்றாக நான்கு முறை தரப்படுவது. 2017இல் வெளியான நெட்டர்-1 ஆய்வில் சிறுகுடல் சார்ந்த நோயாளிகளில், இதைப் பெற்றவர்களில் 65.2 சதவீதத்தினர் 20 மாத முடிவில் நோய் வளராமல் இருந்தனர். இருமடங்கு ஆக்ட்ரியோடைட் மட்டும் பெற்றவர்களில் 10.8 சதவீதத்தினர். இறுதி ஆயுள் கணக்கு 48 மாதங்களுக்கு எதிராக 36.3 மாதங்கள். இவ்வேறுபாடு புள்ளியியல் உறுதியை எட்டவில்லை. ஆனால் ஒப்பீட்டுக் குழுவினரில் மூன்றில் ஒருவருக்கும் மேலானோர் பின்னர் இதே சிகிச்சையைப் பெற்றுவிட்டனர் என்பதால், பயன் இல்லை என்று அதைப் படிப்பது தவறு. கதிர்மருந்து பெற்ற 111 பேரில் இருவருக்கு எலும்பு மஜ்ஜைக் கோளாறு வந்தது என்பதும் தராசில் வைக்கப்பட வேண்டியதே. கேஐ-67 அளவு 10 முதல் 55 வரை உள்ள, நல்ல அமைப்புள்ள கட்டிகளுக்கு இதையே தொடக்கச் சிகிச்சையாகத் தந்த நெட்டர்-2 ஆய்வு 2024இல் 8.5 மாதத்துக்கு எதிராக 22.8 மாதங்கள் என்ற கட்டுப்பாட்டைக் காட்டியதால், வேகம் சற்றுக் கூடிய கட்டிகளில் இம்மருந்தை முன்னுக்குக் கொண்டுவரும் போக்கு வளர்ந்திருக்கிறது. இந்தியாவில் லுட்டீசியம்-177 ஐசோடோப்பு மும்பை டிராம்பேயின் துருவா அணு உலையிலேயே தயாராவது நமக்கு ஒரு நல்வாய்ப்பு. அதன் அரை ஆயுள் ஏழு நாட்களுக்கும் குறைவு என்பதால் உள்நாட்டு உற்பத்தியின் பயன் பெரிது.

கணையக் கட்டிகளுக்கு இன்னும் சில வழிகள் உண்டு. கேப்சிடாபின், டெமோசோலோமைடு என்ற இரண்டு மாத்திரைகளின் கூட்டு, டெமோசோலோமைடு மட்டும் தந்ததை விட நோயை அதிக காலம் கட்டுப்படுத்தியது: 14.4 மாதங்களுக்கு எதிராக 22.7. இதன் தனிச்சிறப்பு கட்டியைச் சுருக்கும் ஆற்றல். கட்டியின் பருமனே வலியையும் அடைப்பையும் தருகிறது, அல்லது சுருங்கினால் அறுவை சாத்தியமாகும் என்ற நிலையில் நான் இதையே முதலில் நிறுத்துவேன். எவரோலிமஸ், சுனிடினிப் இரண்டும் 2011இல் கணையக் கட்டிகளில் தம் பயனை நிறுவியவை. ஒவ்வொன்றும் போலி மாத்திரையின் ஐந்து மாத அளவை ஏறத்தாழ பதினொரு மாதமாக உயர்த்தின. அவை சுருக்குவதைவிட நிறுத்திவைப்பவை. எவரோலிமஸ் வாய்ப்புண்ணையும் சர்க்கரையையும் கூட்டும். சுனிடினிப் இரத்த அழுத்தத்தை ஏற்றும். ஏற்கனவே நீரிழிவால் அவதிப்படுபவருக்கும், கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவருக்கும் இத்தெரிவு தானாகவே பிரிந்துவிடுகிறது. கேபோசான்டினிப் அண்மையில் இவ்வரிசையில் சேர்ந்தது. முந்தைய மருந்துகள் பலனிழந்த பின் கணையக் கட்டிகளில் 4.4 மாதத்தை 13.8 ஆகவும், மற்ற இடத்துக் கட்டிகளில் 3.9 மாதத்தை 8.4 ஆகவும் நீட்டியது.

இந்த எண்களை ஒன்றோடொன்று நேராக ஒப்பிடக் கூடாது. ஒவ்வோர் ஆய்வும் வேறு வேறு வேகமுள்ள நோயாளிகளைச் சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் வாழக்கூடிய ஒருவர் இம்மருந்துகளில் ஒன்றை அல்ல, பெரும்பாலும் மூன்று நான்கை அடுத்தடுத்துப் பெறுவார். எனவே எது மிகச் சிறந்தது என்பதைவிட, எதை முன்னால் வைத்தால் அடுத்ததைத் தாங்கும் மஜ்ஜையும் சிறுநீரகமும் கல்லீரலும் மிஞ்சியிருக்கும் என்பதே பயனுள்ள கேள்வி. வெவ்வேறு துறை மருத்துவர்கள் ஒரே மேசையில் கூடி முடிவெடுக்கும் மையத்தில் ஒருமுறையாவது கருத்துக் கேட்பதை நான் வற்புறுத்துவது இதனால்தான். அறுவை மருத்துவர் ஒருவரிடம் மட்டும் போனால் அறுவையும், அணு மருத்துவரிடம் மட்டும் போனால் கதிர்மருந்தும் முன்னுக்கு வருவது மனித இயல்பு.

கட்டியை மட்டும் பார்த்தால் விடுபடுபவை

கட்டி சுரக்கும் ஹார்மோன்களால் முகச்சிவப்பும் வயிற்றுப்போக்கும் உள்ள (கார்சினாய்ட் எனப்படும்) நோயாளிகளில் கணிசமானோருக்கு, செரோடோனின் இதயத்தின் வலப்பக்க வால்வுகளைத் தடித்து இறுகச் செய்கிறது. கட்டி கட்டுக்குள் இருந்தும் இதயம் செயலிழந்து இறந்தவர்கள் உண்டு. ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ பரிசோதனையும், என்டி-ப்ரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனையும் செலவு குறைந்தவை. உரிய காலத்தில் வால்வை மாற்றினால் கிடைக்கும் ஆயுள், எந்தப் புதிய மாத்திரை தருவதற்கும் குறைந்ததல்ல.

உணவும் அப்படியே. செரோடோனின் உற்பத்திக்காகக் கட்டி டிரிப்டோஃபேன் என்ற அமினோ அமிலத்தை விழுங்கிவிடுவதால் நியாசின் என்ற வைட்டமின் குறைந்து தோல் கருத்து வெடிக்கலாம். சிறுகுடலின் கடைப்பகுதியை இழந்தவர்களுக்கு பி12 ஊசி தேவைப்படும். சோமடோஸ்டாடின் ஊசியால் கணைய நீர் குறைந்து கொழுப்பு செரிக்காமல் எண்ணெய் மிதக்கும் மலம் போகலாம். அதை நோய் முற்றியதன் அடையாளமாக எண்ணிப் பத்தியத்தை மேலும் இறுக்குவோர் பலர். என்சைம் மாத்திரையைச் சோற்றோடு சேர்த்து விழுங்கினால் தீர்ந்துவிடக்கூடிய தொல்லை அது. எடையும் தசையும் குறைந்துபோனவர் அடுத்த சிகிச்சைக்குத் தகுதியற்றவராகிவிடுகிறார் என்பதால் இது சிறிய விஷயமல்ல.

பின்தொடர்தலுக்கான காலத்தையும் கட்டிதான் தீர்மானிக்க வேண்டும். 1 செ.மீ.க்குக் குறைந்து முழுதாக நீங்கிய குடல்வால் கட்டிக்குத் தொடர் ஸ்கேன் தேவையில்லை. அந்த இளைஞரை ஆண்டுதோறும் கதிர்வீச்சுக்கும் கவலைக்கும் உட்படுத்துவதில் பயன் இல்லை. சிறுகுடலிலோ கணையத்திலோ இருந்து முழுதாக எடுக்கப்பட்ட கட்டிக்கு, மற்ற புற்றுநோய்களில் வழக்கமான ஐந்தாண்டுக் கணக்கு பொருந்தாது; பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் கல்லீரலில் திரும்பியவை உண்டு. ஐந்தாம் ஆண்டில் ‘இனி வர வேண்டாம்’ என்று சொல்லப்பட்டால், அடுத்த ஸ்கேன் எப்போது என்று நோயாளியே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். நெடுநாள் அமைதியாக இருந்த கட்டி திடீரென வேகம் பிடித்தால், பழைய பயாப்சியின் தரத்தை வைத்து அடுத்த மருந்தைத் தேர்ந்தெடுக்காமல், வளர்ந்த இடத்திலிருந்து புதிதாக ஒரு துண்டை எடுத்து மறுபடியும் எண்ணச் சொல்ல வேண்டும்.